கொழும்பு நாடக மன்றங்களில் சம்பளம் இல்லாமல் ஏன் நடிக்கிறார்கள்?

நாடக மன்றம் என்றால், பகலில் வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்ப்பவர்கள் மாலையில் கூடி நாடகம் போடும் குழு. சம்பளம் கிடையாது.

காரணம் சின்னக் கணக்குதான். கொழும்பில் ஒரு தமிழ் நாடகம் ஓரிரு காட்சிகளைத் தாண்டுவதே அரிது. டிக்கெட் காசு மண்டப வாடகைக்கும் வெளிச்சத்துக்கும் போய்விடும். மிச்சம்? ஒத்திகைக்குப் பிளேன்டீ, அதுவும் சில நாள் கைக்காசில்.

கலியாண வீட்டில் முதல்நாள் இரவு மரக்கறி வெட்டுவதைப் போலத்தான் இது. யாரும் கூலி கேட்பதில்லை, விடிந்தால் பந்தி தயார். இங்கே கதாநாயகனே வாங்கு தூக்குவார். வசனம் எடுத்துக்கொடுப்பவர் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு மற்றவரின் சேலை மடிப்பைச் சரிபார்ப்பார்.

1978இல் தொடங்கிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் என்ற நாடகக் குழுவின் இயக்குநர் க. பாலேந்திராவும் பொறியியல் படித்தவர்தான். (நம் நாடகக்காரர்களில் பலருக்கு வேறொரு தொழில் உண்டு.)

அப்புறம், 'அமெச்சூர்' என்றால் அரைகுறை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல் கூலியைப் பற்றியது, தரத்தைப் பற்றியதல்ல. சொல்லாமல் இரண்டு ஒத்திகைக்கு வராவிட்டால் பாத்திரம் வேறு ஆளுக்குப் போய்விடும்.