70 எம்எம் படமும் வீட்டு டிஸ்க்கும் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

'ஸ்பார்ட்டகஸ்' என்ற பழைய ஹாலிவுட் படத்தின் 2010 ப்ளூ-ரே ரொம்ப நாளாக என்னிடம் இருக்கிறது. சமீபத்தில் 4கே டிஸ்க்கும் வாங்கினேன். ஏமாற்றம்தான். பழையதில் முகங்கள் எல்லாம் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருக்கின்றன. புதியதில் வானத்திலும் சுவரிலும் ஏதோ பொடிப்பொடியாக அசைந்துகொண்டே இருக்கிறது. ஆனால் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 4கே டிஸ்க் பிரமாதம். இரண்டுமே 70 எம்எம், இரண்டு வருட இடைவெளியில் வந்தவை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பழைய டிஸ்க்கை வைத்துக்கொண்டு புதியதை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

க. ர.

அன்புள்ள க. ர.,

கொடுப்பதாக இருந்தால் பழையதைக் கொடுங்கள். நீங்கள் சுத்தம் என்று சொல்கிறீர்களே, அந்த டிஸ்க்கின் கோளாறே அதுதான். வெளிவந்தபோதே படச்சுருள் விஷயம் தெரிந்தவர்களிடம் அது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

கலர் பிலிமில் உருவம் என்பதே நுண்ணிய சாயத் திட்டுகளால் ஆனது. அந்தத் திட்டுகள் ஒவ்வொரு பிரேமிலும் வேறு வேறு இடத்தில் விழும். அதனால்தான் சலனமில்லாத சுவர்கூட லேசாக அசைவதுபோல் தெரிகிறது. கிரெய்ன் என்பது இதுதான். படத்தின் மேல் படிந்த தூசி என்றால் துடைக்கலாம். இது படமே. இதைக் கணினியில் வழித்தெடுக்க வடிகட்டிகள் இருக்கின்றன. ஆனால் எது கிரெய்ன், எது தோலின் துளை என்று வடிகட்டிக்குத் தெரியாது. பொடியாக அசைவது எதுவாக இருந்தாலும் மழித்துவிடும்.

'ஸ்பார்ட்டகஸ்' போர்க்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியப் படை கட்டம் கட்டமாக அணிவகுத்துச் சரிவில் நகர்ந்து வருவதை வெகுதூரத்திலிருந்து எடுத்திருப்பார்கள். ஸ்பெயின் ராணுவத்தின் ஆயிரக்கணக்கான வீரர்கள் வேஷம் கட்டி நின்ற காட்சி அது. கணினி வரைந்த தலை ஒன்றுகூடக் கிடையாது. அந்தத் தூரத்தில் ஒருவனின் தலைக்கவசம், கேடயத்தின் விளிம்பு எல்லாமே ஒரு கிரெய்ன் திட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வடிகட்டியை முழுவீச்சில் ஓட்டினால் அந்த விளிம்புகளும் சேர்ந்து போய்விடும். கட்டத்துக்குள் ஆட்கள் இருப்பது போய், கட்டம் மட்டும் மிஞ்சும். அருகில் எடுத்த முகங்களில் இன்னும் மோசம். கல்குவாரியில் வெயிலில் கிடந்து உழைக்கும் அடிமையின் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. அப்படி மழித்ததால் மங்கியதை ஈடுகட்ட விளிம்புகளைச் செயற்கையாகக் கூராக்குவார்கள் பாருங்கள், அதைத்தான் நம் கண் 'பளிச்' என்று ஏற்றுக்கொள்கிறது. 65 எம்எம் நெகட்டிவில் (கேமராவுக்குள் ஓடிய அசல் பிலிம்) எடுத்த 'பேட்டன்' படத்தின் 2008 ப்ளூ-ரேவுக்கும் இதே கதி நேர்ந்தது. அதையும் சில ஆண்டுகள் கழித்துப் புதிதாகச் செய்ய வேண்டிவந்தது.

சரி, லாரன்ஸ் ஏன் அப்படி இருக்கிறது? 'இரண்டுமே 70 எம்எம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தியேட்டரில் ஓடிய பிரிண்டைப் பொறுத்தவரை சரி. கேமராவுக்குள் ஓடிய பிலிம் வேறு வேறு.

'லாரன்ஸ்' 65 எம்எம் நெகட்டிவில் எடுக்கப்பட்டது. (பிரிண்டில் கூடுதலாக உள்ள 5 எம்எம், காந்த ஒலித்தடங்களுக்கான இடம்.) 'ஸ்பார்ட்டகஸ்' எடுக்கப்பட்டது டெக்னிராமாவில். அது சாதாரண 35 எம்எம் பிலிமைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, ஒரு பிரேமுக்கு, பிலிமின் ஓரத்துத் துளைகளில் எட்டின் நீளத்தை எடுத்துக்கொள்ளும் முறை. பிறகு அதிலிருந்து 70 எம்எம் பிரிண்ட் போட்டார்கள். மோசமான முறை என்று சொல்லமாட்டேன், வழக்கமான 35 எம்எம் பிரேமைவிட நன்றாகவே பெரியது. 'டாக்டர் ஷிவாகோ' போன்றவை வழக்கமான 35 எம்எம்மில் எடுத்து ஊதிப் பெரிதாக்கியவை. அவையும் 70 எம்எம் என்ற பெயரில்தான் ஓடின.

அதைவிடப் பெரிய விஷயம், நெகட்டிவ் பிழைத்ததா என்பது. 'ஸ்பார்ட்டகஸ்' நெகட்டிவில் மஞ்சள் சாயம் மங்கிப்போயிருந்தது. 1991இல் ராபர்ட் ஹாரிஸ் குழுவினர் அதை மீட்டபோது நெகட்டிவை நம்ப முடியவில்லை. நிறத்துக்கொன்றாக மூன்று கருப்பு-வெள்ளைச் சுருள்களில் பாதுகாப்புக்காக எடுத்து வைத்திருந்த பிரதிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தித்தான் கலரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூன்றும் இத்தனை ஆண்டுகளில் ஒரே அளவாகச் சுருங்கியிருக்காது. இம்மி பிசகினாலும் விளிம்பில் நிறம் கசியும். அந்த வேலையில் உருவான சுருளை ஸ்கேன் செய்து, திருத்தி, 2015இல் புதிய பதிப்பு செய்தார்கள். உங்கள் 4கே டிஸ்க்கின் பின்னால் இத்தனை தலைமுறை இருக்கிறது. ஒவ்வொரு நகலும் தன் கிரெய்னையும் சேர்த்துக்கொண்டுதான் வரும்.

'லாரன்ஸ்' நெகட்டிவும் சும்மா தப்பிவிடவில்லை. பாலைவனச் சூட்டில் பிலிமின் பூச்சே நெடுக விரிசல் விட்டிருந்தது. ஆனால் நெகட்டிவ் இருந்தது. 2012 பதிப்புக்காக அதையே 8கேயில் ஸ்கேன் செய்து, விரிசல்களைக் கணினியில் சரிசெய்தார்கள், கிரெய்னில் கைவைக்காமல். கானல் நீரிலிருந்து ஒமர் ஷெரீப் ஒட்டகத்தில் வரும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் அதற்கு 482 எம்எம் லென்ஸ் பயன்படுத்தினார். முதலில் ஒரு கரும்புள்ளி மட்டும்தான், அதுவும் வெப்பத்தில் உருகி உருகிச் சேரும். டிவிடியில் அந்தப் புள்ளி எப்போது தோன்றியது என்று சொல்வதே கஷ்டம். அகலப் படம் அமெரிக்க டிவிடியின் 480 வரிகளில் 390க்கும் குறைவானவற்றில் அடங்கியாக வேண்டும், புள்ளிக்கு எங்கே இடம்? 4கேயில் அதே படத்துக்குச் சுமார் 1745 வரிகள் கிடைக்கின்றன. டிஸ்க்கில் தரவைச் சுருக்கும்போதும் இந்த மாதிரிக் காட்சிதான் உயிரை வாங்கும். திரை முழுக்க மணலும் காற்றும் மினுங்கிக்கொண்டிருக்கும், எதையும் 'போன பிரேமில் இருந்ததுதான்' என்று தள்ளிவிட முடியாது. ஸ்ட்ரீமிங்கில் அந்த இடம் மட்டும் லேசாகக் கூழாவது இதனால்தான்.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள், கேட்கவில்லை. பெரும்பாலான பழைய படங்களில் ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சி வரும் இடத்தில் படம் திடீரென்று மங்கி, கிரெய்ன் கூடி, பிறகு தெளியும். டிஸ்க் பழுது என்று சிலர் திருப்பிக்கூட அனுப்புகிறார்கள். அந்தக் கரைதலை அப்போதே லேபில் நகல் எடுத்துத்தான் செய்தார்கள். அந்தத் துண்டு பிறந்ததே நகலாகத்தான். அதை மற்ற ஷாட்டுகளுக்குச் சமமாக்க முயன்றால் மறுபடியும் மழிக்கவேண்டியதுதான்.

65 எம்எம் படம் என்பதற்காக எல்லா டிஸ்க்கையும் நம்பவும் வேண்டாம். டிவிடி காலத்தில் பல படங்களுக்கு, சாதாரணத் தியேட்டர்களுக்காகக் குறுக்கிய 35 எம்எம் பிரதிகளிலிருந்துதான் மாஸ்டர் (டிஸ்க்குகளுக்கான மூலப்பிரதி) எடுத்தார்கள். அதே மாஸ்டர் பின்னால் ப்ளூ-ரேயாகவும் வந்ததுண்டு. அட்டையில் '70 எம்எம்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைவிட, 'அசல் நெகட்டிவிலிருந்து புதிய ஸ்கேன்' என்ற சின்ன வரிக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

ஒலி பற்றி எழுத ஆரம்பித்தால் நீளும். ஒன்று மட்டும். 70 எம்எம் பிரிண்டின் ஆறு தடங்களில் ஐந்து திரைக்குப் பின்னாலேயே வரிசையாக ஒலித்தவை. வசனம் நடிகரோடு இடமிருந்து வலம் நடந்து போகும். வீட்டில் முன்னால் இருப்பது மூன்று ஸ்பீக்கர்தான் என்பதால் சில டிஸ்க்குகளில் குரலை நடுவில் கட்டிப்போட்டுவிட்டார்கள். எனக்குப் படத்தைவிட இதில்தான் வருத்தம் அதிகம்.

அப்புறம் உங்கள் டிவி. ஷார்ப்னஸை இறக்குங்கள், நாய்ஸ் ரிடக்ஷனையும் அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸ் ஏற்றி வைத்த டிவி ஒவ்வொரு கிரெய்னுக்கும் ஓரம் கட்டிக் காட்டும். நீங்கள் பார்த்த 'பொடி'யில் பாதி அங்கிருந்து வந்திருக்கலாம். அதற்குப் பிறகு அந்தப் போர்க்காட்சியை மட்டும் இரண்டு டிஸ்க்கிலும் அடுத்தடுத்துப் போட்டு, தூரத்துப் படையில் தலைகளை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். எதைக் கொடுத்துவிட்டீர்கள் என்று எழுதுங்கள்.