சொன்னா மட்டும்தான் செய்றாங்க!

கேள்வி: என் பையனுக்கு 12 வயசு, பொண்ணுக்கு 9. ரெண்டு பேரும் சொன்னா வேலை செய்வாங்க, அதுவும் அரைகுறையா. டேபிள்ல சாம்பார் சிந்திக் கிடந்தாலும் அது மேலயே நோட்டை வெச்சு ஹோம்வொர்க் எழுதுறாங்க, கேட்டா கண்ணுல படலைங்கிறாங்க. ஆபீஸ் விட்டு வந்து கத்திக் கத்தி தொண்டை போனதுதான் மிச்சம். பொண்ணாவது கத்துக்க வேணாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கண்ணுல படலைன்னு அவங்க சொல்றது பொய் இல்லம்மா, அதை முதல்ல நம்புங்க. டேபிள் சுத்தமா இருந்தா எப்படி இருக்கும்னு உங்க மனசுல ஒரு படம் இருக்கு, அதனாலதான் உங்களுக்கு சாம்பார் உடனே தெரியுது, அவங்க மனசுல அந்தப் படமே இன்னும் விழல. அதை எடு இதைத் துடைன்னு நீங்களே பார்த்துப் பார்த்து சொல்லிட்டு இருந்தா பார்க்கிற வேலை கடைசி வரைக்கும் உங்க தலையிலதான், அவங்க கை மட்டும்தான் வேலை செய்யும்.

அதனால உத்தரவு போடறதைக் குறைச்சுட்டு கேள்வியா கேளுங்க. சமையல்கட்டு வாசல்ல கூட நின்னு "இங்க என்னென்ன சரியில்ல, சொல்லு பார்ப்போம்"னு கேட்டா மொதல்ல ரெண்டு சொல்லுவாங்க, மிச்சத்தை நீங்க காட்டுங்க, ஏன்னும் சொல்லுங்க. சிந்தினதைத் துடைக்கலைன்னா எறும்பு, சிங்க்ல சோத்துப் பருக்கை கிடந்தா ராத்திரி கரப்பான்பூச்சி. காரணம் தெரிஞ்சா பசங்களுக்கு ஒரு ஆர்வம் வந்துடும்.

இதுக்கு நான் எல்லாருக்கும் சொல்ற வேலை ஒண்ணு இருக்கு, தேங்கின தண்ணி தேடறது. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டை போட்டு அது கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால ஞாயித்துக்கிழமை தோறும் பசங்க ஒரு ரவுண்டு போகட்டும், பூத்தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னாடி ட்ரே, மாடியில கிடக்கிற தேங்கா ஓடு, பழைய டயர் எல்லாம் பார்க்கணும். தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது, முட்டை ஓரத்துல ஒட்டிட்டு இருக்கும், தேய்ச்சுக் கழுவணும். ஒரு வேலையை ஏன் ஒழுங்கா செய்யணும்னு இதை விட நல்லா புரிய வைக்க முடியாதுன்னு நினைக்கிறேன்.

அடுத்து, ஒரு வேலை எங்க முடியுதுன்னு சொல்லிக் குடுங்க, இதைத்தான் நிறைய வீட்டுல விட்டுடறோம். பெருக்கறதுன்னா ஃபேனை நிறுத்திட்டு, மூலையில ஆரம்பிச்சு, கதவுக்குப் பின்னாடியும் விளக்குமாறு போய், குப்பையை முறத்துல அள்ளிக் கொட்டி, விளக்குமாறு அது இடத்துக்குப் போனப்புறம்தான் முடிஞ்சுது. பாத்திரம்னா டம்ளர் மொதல்ல, எண்ணெய் வாணலி கடைசில, அடிப்பக்கம் விரலால தடவி பிசுக்கு இருக்கான்னு பார்த்து, சிங்க்கையும் கழுவி விடணும். ரெண்டு மூணு தடவை கூடவே நின்னு செய்ங்க, அப்புறம் விலகிடுங்க, கறை மிச்சம் இருந்தா கூப்பிட்டுக் காட்டுங்க, அவங்க கண்ணு முன்னாடியே நீங்க வாங்கித் திரும்பத் தேய்க்காதீங்க, எப்படியும் அம்மா செஞ்சுக்குவாங்கன்னு அன்னிக்கே தெரிஞ்சுடும்.

சாமானும் கைக்கு அடக்கமா இருக்கணும். 1939ல சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்த மரியா மாண்டிசோரி, சின்னப் பசங்களுக்குப் பெருக்கறது, துடைக்கறது, தண்ணி ஊத்தறது எல்லாத்தையும் பாடமாவே வெச்சாங்க, அவங்க உயரத்துக்கு ஏத்த சின்ன சாமானோட. உங்க பொண்ணுக்கும் குட்டி விளக்குமாறு ஒண்ணு வாங்கி கை எட்டுற ஆணியில மாட்டுங்க.

"பொண்ணாவது"ன்னு எழுதியிருக்கீங்களே, அது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. மத்திய அரசோட 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்றவங்கள்ல பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம் செய்றாங்க, அந்த வேலையைத் தொடற ஆம்பளைங்களே நாலுல ஒருத்தர்தான். 12 வயசுப் பையனை விட்டுட்டு 9 வயசுப் பொண்ணைக் கூப்பிடற வீட்டுலேர்ந்துதான் இந்தக் கணக்கு தொடங்குது. ரெண்டு பேருக்கும் ஒரே வேலை, வாரம் மாத்தி மாத்தி.

உங்க வீட்டுக்காரரைப் பத்தி லெட்டர்ல ஒரு வரி கூட இல்ல. அவர் வீட்டுல இருக்கிறவர்னா இன்னிக்கே பேசுங்க, சாப்பிட்ட தட்டை அவரே கழுவட்டும், ஞாயித்துக்கிழமை ரவுண்டுக்கும் பசங்க கூட அவரை அனுப்புங்க, மாடி டேங்க் மூடியைத் திறந்து பார்க்க பெரியவங்க ஒருத்தர் வேணும்.