டேப்பை வெட்டுவதற்கு முன்னால்: பார்சல் குறித்த கேள்வி-பதில்

பண்டிகைத் தள்ளுபடி முடிந்த கையோடு வந்த கடிதங்கள் இவை. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆர்டர் செய்தது ஒன்று, வந்தது வேறு. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: 22 ஆயிரம் ரூபாய்க்கு போன் ஆர்டர் செய்தேன். பெட்டிக்குள் இரண்டு துணி சோப்பு இருந்தது. டெலிவரி செய்தவர் கேட்டவுடன் ஓடிபி சொல்லிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வழி இருக்கிறது, ஆனால் நாள் கடத்தாதீர்கள். இன்றைக்கே ஆப்பில் புகார் போட்டு, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பெட்டி, சோப்பு, டேப், லேபிள் எதையும் குப்பையில் போட வேண்டாம். போனுக்கான பில்லில் பெரும்பாலும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) இருக்கும். போலீஸில் எழுதிக் கொடுக்கும்போது அந்த 15 இலக்க எண்ணைத் தவறாமல் சேருங்கள். அந்த போனில் யாராவது சிம் போட்டால் கண்டுபிடிக்க உதவுவது அந்த எண்தான். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை. அதற்குக் காலக்கெடு உண்டு.

ஓப்பன் பாக்ஸ் டெலிவரி (டெலிவரி செய்பவர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து பார்க்கும் முறை) என்றால், பெட்டியைத் திறந்து பொருளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன். ஓடிபி என்பது நீங்கள் போடும் கையெழுத்து. எழுதாத தாளில் கையெழுத்துப் போடுவீர்களா?

கேள்வி: மூன்று பொருள் ஆர்டர் செய்ததில் இரண்டுதான் வந்தன. கம்பெனி ஏமாற்றுகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, கரூர்)

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலேயே மூன்றாவது பொருள் தனி பார்சலாக வியாழக்கிழமை வரும் என்று இருக்கிறது. புகார் எழுதுவதற்கு முன் ஆர்டர் பக்கத்தைக் கடைசி வரை படியுங்கள்.

கேள்வி: பட்டுச் சேலை மெரூன் நிறம் கேட்டேன், அடர் பச்சை வந்திருக்கிறது. ஃபால்ஸ் தைத்து, பிளவுஸ் துணியையும் வெட்டிய பிறகு மகள் சொல்லித்தான் கவனித்தேன். திருப்பி அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். (வாசகி, ஈரோடு)

பதில்: நிறம் மாறி வந்தால் திரும்ப எடுக்க வேண்டியது அவர்கள் கடமை. ஆனால் வெட்டித் தைத்த சேலையை எடுக்கச் சொல்லி உங்களுக்காக வாதாட என்னால் முடியாது. பிரித்தவுடன் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். டேக் அறுப்பது, ஃபால்ஸ் தைப்பது எல்லாம் அதற்கு அப்புறம்.

கேள்வி: மூன்று ஜார் மிக்ஸி வாங்கினேன். சட்னி ஜார் இல்லை. புகார் செய்தால், பெட்டியைத் திறந்த வீடியோ இல்லாததால் ஏற்க முடியாது என்று பதில் வந்தது. டெலிவரி பையனைக் கூப்பிட்டுத் திட்டினேன், அவனும் தெரியாது என்கிறான். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ‘வீடியோ இருக்கிறதா’ என்ற இந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வாங்கியவர் வீடியோ எடுத்தே ஆக வேண்டும் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இல்லை, 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளிலும் இல்லை. அது கம்பெனி தனக்குத் தானே எழுதிக்கொண்ட நிபந்தனை. விதி சொல்வது வேறு: பொருளில் குறை இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. மூன்று ஜார் படம் போட்டு விற்றுவிட்டு இரண்டு கொடுத்தால் அது சொன்னபடி கொடுத்த பொருளா?

பெரிய குடோன்களில் கேமரா இருக்கிறது. பேக் செய்யும்போது எடை எடுக்கிறார்கள். பார்சல் எந்த ஊர் ஹப்புக்கு (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் இடம்) எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று ஒவ்வொரு இடத்திலும் ஸ்கேன் ஆகிறது. இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது பார்சல் வாங்கிய பெண்ணிடம் ஆதாரம் கேட்பது அநியாயம். எழுபது வயதில் தனியாக இருப்பவர் யாரை வைத்து வீடியோ எடுப்பார்?

என் அக்கா வீட்டுக்கு வந்த ஒரு பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கம்பெனி பெயர் அச்சிட்ட டேப்புக்கு மேலே, பெயரில்லாத சாதா டேப் ஒன்று கோணலாக ஒட்டியிருந்தது. அதை மெல்ல உரித்தால் கீழே அட்டையின் மேல்தோல் ஏற்கெனவே கிழிந்து பஞ்சு பஞ்சாக நின்றது. ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டிய பெட்டி அது. உங்களுடையதும் அப்படி ஒன்றாக இருக்கலாம். யாரோ வாங்கி, ஜாரை எடுத்துக்கொண்டு மீதியை ரிட்டர்ன் செய்திருப்பார். குடோனில் எண்ணிப் பார்க்காமல் அப்படியே அடுத்த ஆர்டருக்கு அனுப்பியிருப்பார்கள். இதில் டெலிவரி பையன் என்ன செய்வான்? ஒட்டிய பெட்டியை வாங்கி ஒட்டியபடியே கொடுக்கிறான். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வெயிலில் அலைகிறவனைத் திட்டியது தவறு. மறுபடி வந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. சாட்டில் பேசுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டாக வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பேக் செய்தபோது எடுத்த எடை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

இத்தனைக்கும் பிறகும் சொல்கிறேன், முடிந்தவர்கள் வீடியோ எடுங்கள். அது உங்கள் கடமை என்பதற்காக அல்ல, வாதம் சீக்கிரம் முடியும் என்பதற்காக. பல பேர் டேப்பை வெட்டிய பிறகு எடுத்து அனுப்புகிறீர்கள், அதனால் பயனில்லை. முதலில் லேபிள், பிறகு பெட்டியின் எல்லாப் பக்கமும், அப்புறம் டேப். நடுவில் நிறுத்தாமல் வெட்டிப் பொருளை வெளியே எடுக்கும்வரை ஒரே வீடியோவாக இருக்கட்டும்.

கேள்வி: பிடிக்காத ஷூவை ரிட்டர்ன் செய்தேன். பிக்கப் ஆனது. பத்து நாள் கழித்து, ‘நீங்கள் அனுப்பியது பழைய ஷூ’ என்று பணத்தை நிறுத்திவிட்டார்கள். (வாசகர், மதுரை)

பதில்: கொடுக்கும்போது படம் எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இருந்தால் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டாலும், பிக்கப் செய்தவர் ஷூவைச் சரிபார்த்து வாங்கிய பதிவையும் குடோனில் எடுத்த படத்தையும் கேளுங்கள். பழைய ஷூ என்று சொல்பவர்கள் அதைக் காட்டட்டும். பார்சல் வரும்போது காட்டும் கவனத்தை, திரும்பிப் போகும்போதும் காட்டுங்கள்.

கேள்வி: பொருள் மாறியதால் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடிப் பேசினேன். ஒரு ஆப் இறக்கி, பத்து ரூபாய் அனுப்பச் சொன்னார்கள். கணக்கிலிருந்து 38 ஆயிரம் போய்விட்டது. (வாசகர், சேலம்)

பதில்: எனக்கு எழுதுவதற்கு முன் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருக்க வேண்டும். இப்போதே அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், அந்த ஆப்பை நீக்குங்கள். கஸ்டமர் கேர் எண்ணை ஆப்புக்குள்ளிருந்து மட்டும் எடுங்கள். பணம் திருப்பித் தருகிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

கேள்வி: நான் இல்லாதபோது ஆர்டர் செய்யாத பார்சலுக்கு மாமியார் 700 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டார். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: லேபிளில் உள்ள கூரியர் நிறுவனத்திடம் இன்றே புகார் செய்யுங்கள். இனி கேஷ் ஆன் டெலிவரி பார்சல் வந்தால் உங்களுக்கு போன் செய்து கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

கேள்வி: 1,800 ரூபாய் பொருளுக்குக் கோர்ட்டுக்குப் போவது வீண்வேலை என்கிறார் நண்பர். சரியா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: சரியில்லை. 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விற்பவர், விற்பனைத் தளம் இரண்டு பேரையும் எதிர் மனுதாரராகச் சேருங்கள். விற்பவரின் முகவரி தெரியவில்லையென்றால் தளத்திடம் எழுத்தில் கேளுங்கள், கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பில், புகார் எண், மின்னஞ்சல்கள், பெட்டியின் படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி இணையுங்கள்.