வாசகர் கேள்வி: பாலைவனக் காத்தில டென்ட் நிக்குமா?

கேள்வி: அண்ணை, கட்டாரில வேலை செய்யிற என்ர மச்சான் தை மாசம் என்னை அங்க வரச் சொல்லியிருக்கிறார், சீலைன் எண்ட கடற்கரையைத் தாண்டி பாலைவனத்துக்குள்ள ரெண்டு ராத்திரி டென்ட் அடிச்சுத் தங்குவமாம். காத்து பேய்த்தனமா அடிக்கும் எண்டு சிலபேர் சொல்லினம். டென்ட் தாங்குமா?
- ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: தாங்கும் தம்பி, ஆனா அது டென்ட்டின்ர விலையில இல்லை, எங்க அடிக்கிறீங்கள், எப்பிடிக் கட்டுறீங்கள் எண்டதிலதான் இருக்கு. அங்க வீசுற வடமேல் காத்தை ஷமால் எண்டுவினம். ஆனி, ஆடியிலதான் அது கூட, ஆனா குளிர் காலத்திலயும் வரும், வந்தா ஒரு நாளோட போகவும் கூடும், மூண்டு நாலு நாள் இழுக்கவும் கூடும். அதால வானிலை அறிவிப்பில பலத்த காத்து எண்டு போட்டிருந்தா மச்சான் லீவு எடுத்திட்டன் எண்டு சொன்னாலும் போகாதேங்கோ. காத்தின்ர வேகம் ரெண்டு மடங்கானா டென்ட்டைத் தள்ளுற விசை நாலு மடங்காகும், 20 கிலோமீற்றர் காத்தில அசையாம நிண்டது 40இலயும் நிக்கும் எண்டு நம்பேலாது.

டென்ட்டோட வாற சின்ன முளை மணலில சும்மா உருவிக்கொண்டு வந்திடும். உரப்பையில மணல் நிரப்பி, கயிறை அதில கட்டி, ரெண்டடி ஆழத்தில புதைச்சு மேல நல்லா மிதிச்சு விடுங்கோ, கயிறு நிமிந்து நிக்காம தாழ்வா சரிஞ்சு போகோணும். மணல்மேட்டு உச்சி வேண்டவே வேண்டாம். மேட்டுக்குப் பின்னால மறைப்பா இருக்குமே எண்டு நினைப்பீங்கள், ஆனா உச்சியில இருந்து பறக்கிற மணல் எல்லாம் வந்து விழுறது அங்கதான், அதோட ராவில மேடு ஏறி இறங்கி ஓடுற ஜீப்காரருக்குக் கீழ இருக்கிற டென்ட் தெரியாது. மேட்டை விட்டுத் தள்ளி இறுகின நிலம் பாருங்கோ, வாகனத்தைக் காத்து வாற பக்கம் நிப்பாட்டுங்கோ, டென்ட்டின்ர ஒடுங்கின பக்கம் காத்தைப் பாத்தபடி, கதவு மற்றப் பக்கம். வெள்ளையா உப்புப் படிஞ்ச வெளி கண்டா வாகனத்தை இறக்காதேங்கோ, மேல காய்ஞ்சிருக்கும், கீழ சேறு.

இனிச் சொல்லுறதைத் தயவுசெய்து மறக்காதேங்கோ. தை மாச ராத்திரி அங்க நல்லாக் குளிரும், திறந்த வெளியில 10 பாகைக்குக் கிட்டவும் இறங்கும், காத்தும் சேந்தா எங்கட ஊர் உடம்பு தாங்காது, நுவரெலியாவுக்குப் போற மாதிரி உடுப்புக் கொண்டு போங்கோ. குளிருது எண்டு இறைச்சி சுட்ட கரிச்சட்டியை மட்டும் டென்ட்டுக்குள்ள எடுக்கவே கூடாது, நெருப்பு அணைஞ்ச மாதிரித் தெரிஞ்சாலும் கூடாது. அதில வாற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையிலயே ஆளை முடிச்சுப்போடும். காத்து மிஞ்சிக் கம்பி வளையத் தொடங்கினா டென்ட்டைப் படுக்கப்போட்டு மேல பாரம் வைச்சிட்டு வாகனத்துக்குள்ள போய்ப் படுங்கோ, ஆனா எஞ்சினை ஓடவிட்டு நித்திரை கொள்ள வேண்டாம், சைலன்சர் வாயை மணல் மூடினா அதே வாயுதான் உள்ள வரும்.

பறக்கிற மணலில முக்கால்வாசி முழங்காலுக்குக் கீழதான் ஓடும், அதால அடிப்பக்கம் வலை இல்லாம துணியா இருக்கிற டென்ட் பாருங்கோ. கண்ணுக்குக் கொன்டாக்ட் லென்ஸ் போடாதேங்கோ, மூடின கண்ணாடி ஒண்டு வாங்குங்கோ, மாஸ்க் வேணும், ஆஸ்துமா இருந்தா இன்ஹேலர் சட்டைப் பொக்கற்றிலயே இருக்கட்டும்.

ஒண்டு செய்யலாம். ஆவணியில கச்சான் காத்து நல்லா அடிக்கேக்க ஆரிட்டயாவது ஒரு டென்ட் வாங்கி உப்புவெளிக் கடற்கரையில, உரப்பை புதைச்சு, ராவில டோர்ச் வெளிச்சத்திலயே கட்டிப் பழகுங்கோ.