நாக்கு எரிகிறது, வாயில் புண் இல்லை: காரணம் மனமா?

கேள்வி: எனக்கு வயது 54. எட்டு மாதமாக நாக்கு நுனியும் கீழ் உதடும் மிளகாய் பட்டது போல எரிகின்றன. காலையில் பரவாயில்லை, பின்னேரம் ஆக ஆகக் கூடுகிறது. சாப்பிடும்போது எரிவு தெரிவதில்லை என்பதால் வீட்டில் நம்புகிறார்கள் இல்லை. பல் வைத்தியர் ஒன்றும் இல்லை என்றார். கடைசியாகப் பார்த்த டொக்டர், "நீங்கள் எல்லாவற்றையும் யோசிக்கிற ஆள், அதுதான்" என்றார். இது புற்றுநோயா, மனவருத்தமா?
- வாசகி, கொக்குவில்

பதில்: அம்மா, சாப்பிடும்போது எரிவு அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் உங்களை நம்பாததற்குக் காரணமான அதே விஷயம்தான் எனக்கு நல்ல தடயம். புண்ணோ பூஞ்சையோ இருந்தால் சம்பல் பட்டவுடன் எரிவு கூடும். வாய் எரிவு நோயில் பலருக்கு உணவு உள்ளே இருக்கும்வரை எரிவு தணியும், பொழுது சாயச் சாயக் கூடும். தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் எரிவு இருந்து, வாய் பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் இந்த நோயை நினைப்போம். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களிடம்தான் இதை அதிகம் காண்கிறோம்.

"எல்லாம் யோசனைதான்" என்பதை நான் ஏற்கமாட்டேன். இந்த நோயாளர்களின் நாக்கிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் மேற்தோலின் மெல்லிய நரம்பு நுனிகள் குறைந்திருந்தன. எரிவு உண்மையானது.

அதற்காக மனத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். இந்த நோய் உள்ளவர்களைக் குழுவாக ஒப்பிட்டால் பதகளிப்பும் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரிகின்றன. எளிதில் கலங்குவது, என்ன நடந்துவிடுமோ என்று எப்போதும் முன்கூட்டியே பயப்படுவது, உள்ளே இருப்பதைச் சொல்லத் தெரியாமல் அடக்கிவைப்பது போன்ற குணங்களும் அப்படித்தான். ஆனால் அது குழுவின் சராசரி. இந்தக் குணங்கள் எதுவுமே இல்லாத நோயாளர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எட்டு மாதம் நாக்கு எரிந்த ஒருவரிடம் "கவலைப்படுவீர்களா?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? எது முதல் வந்தது என்று பிரிப்பது கடினம். வலியைத் தணிக்கும் வழிகள் மூளையில் உண்டு. நித்திரை குறைந்து பயமும் கூடினால் அவை பலவீனப்படும். எரிவு கூடும், எரிவு கூடப் பயமும் கூடும்.

புற்றுநோய்ப் பயம் இவர்களில் மிகவும் பொதுவானது. ஒரு அம்மா தினமும் போன் வெளிச்சத்தில் நாக்கை வெளியே இழுத்துப் பார்ப்பார். நாக்கின் பின்புறம், தொண்டைப் பக்கமாக வரிசையாகச் சிறு மொட்டுகளைக் கண்டு கட்டி என்று நடுங்கிப்போய் வந்தார். அவை எல்லோருக்கும் இருக்கிற, சுவை அறியும் மொட்டுகளைத் தாங்கும் சிறு மேடுகள். பார்ப்பதை நிறுத்திய பிறகு அவருக்கு எரிவு போகவில்லை, ஆனால் நித்திரை வந்தது. அதன் பிறகுதான் சிகிச்சைக்கு வழி பிறந்தது.

முதலில் வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இரும்புச்சத்து, பி12, சீனி, தைரொயிட் நான்கையும் பரிசோதியுங்கள். பிரஷருக்கு எனலாப்ரில் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் இந்த எரிவு வரலாம், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். நுரை கூடிய, புதினா பற்பசையை மாற்றிப் பாருங்கள். வெற்றிலை பாக்கு போடுபவராக இருந்து, உறைப்புப் பட்டாலே எரிந்து, வாய் திறப்பது குறைந்துவந்தால் அது வேறு நோய். பிந்தாமல் காட்டுங்கள்.

சிகிச்சை என்று வரும்போது முழுக்கக் குணமாகும் மருந்து இல்லை, ஆனால் எரிவைக் குறைக்கலாம். குளோனாசெபாம் குளிசையை வாயில் வைத்திருந்து பின் துப்பும் முறை பலருக்கு உதவுகிறது. பழக்கமாகிவிடக் கூடியது என்பதால் வைத்தியர் சொல்லும் அளவில் மட்டும் எடுக்க வேண்டும். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளச்சிகிச்சையும் உதவும். உளநல கிளினிக்கிற்குப் போகச் சொன்னால் "எனக்கு விசரா?" என்று நம் ஊரில் கோபிப்பார்கள். கோபிக்காதீர்கள், அம்மா. நரம்பு எரிகிறது, அதைத் தாங்கும் மூளையும் களைத்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேண்டும்.

எந்த நேரத்தில் எவ்வளவு எரிகிறது என்று ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதுங்கள். கிளினிக்கிற்குப் போகும்போது அதையும், நீங்கள் எடுக்கும் எல்லாக் குளிசை அட்டைகளையும் கொண்டுபோங்கள். முடிந்தால் வீட்டாரில் ஒருவரையும் கூட்டிப்போங்கள்.