எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், படத்தைப் பரப்பாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் மலையடிவாரக் கல்குவாரிக்கு அனுமதி கொடுத்த கோப்பின் இரண்டு பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. 'அருகில் குடியிருப்பு உள்ளது, அனுமதிக்க இயலாது' என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனாலும் குவாரி ஓடுகிறது. இந்தப் படத்தை வைத்திருப்பதே குற்றம் என்கிறார்கள், உண்மையா? எல்லாம் இப்படிக் கசிந்துவிடும் காலத்தில் ஆவணக் காப்பகம் எதற்கு? (ஒரு வாசகர், தக்கலை)

பதில்: இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு கோப்பே கையில் இருப்பதாக நினைக்காதீர்கள். மீதிப் பக்கங்களில்தான் குவாரிக்காரர் தப்பிப்பார்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தின் 5-வது பிரிவு அகலமாக எழுதப்பட்டது. அதைக் காட்டி மிரட்டுவது சுலபம். ஆனால் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில், பத்திரிகையில் வெளியான கோப்புப் பக்கங்களை நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்ற மத்திய அரசின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று தள்ளிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவும், பொதுநலன் பெரிதானால் அந்த ரகசியச் சட்டத்தையும் தாண்டித் தகவல் தரலாம் என்கிறது. குவாரி அனுமதி ராணுவ ரகசியமும் இல்லை.

இனி அந்தப் பக்கத்தை உற்றுப் பாருங்கள். 'ந.க.' என்று தொடங்கும் கோப்பு எண், பிரிவின் எழுத்து, ஆண்டு இருக்கிறதா? அலுவலர்கள் தங்கள் கருத்தை எழுதும் குறிப்புப் பகுதியில் பத்திகளுக்குத் தொடர் எண் உண்டு. உங்கள் பக்கம் 14-வது பத்தியில் தொடங்கினால், முந்தைய 13 பத்திகள் உங்களிடம் இல்லை. அடியில் யார் சுருக்கொப்பம் இட்டிருக்கிறார் என்று பாருங்கள். 'இயலாது' என்றவர் உதவியாளர் என்றால் அது பரிந்துரை மட்டுமே. மேலே உள்ளவர் அதை மாற்றிக் காரணம் எழுதியிருக்கலாம், எழுதாமலும் விட்டிருக்கலாம். காரணமே இல்லாமல் மாற்றியிருந்தால் உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எண்ணைக் குறித்துக்கொண்டு, படத்தை அனுப்புவதை நிறுத்துங்கள். காகித மடிப்பு, பேனாக் கீறல், ஓரத்தில் தெரியும் விரல் எல்லாமே படம் எடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும். வேலைக்கு ஆபத்து அவருக்குத்தான்.

பிறகு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 'இந்த எண்ணுள்ள கோப்பின் குறிப்புப் பகுதியையும் நடப்புப் பகுதியையும் நேரில் பார்வையிட வேண்டும், தேர்ந்தெடுக்கும் பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும்' என்று எழுதினால் போதும் (நடப்புப் பகுதி என்பது கோப்பில் வந்த, போன கடிதங்கள்). காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) பிரிவே சொல்கிறது. கசிந்த பக்கத்தை இணைக்கவே வேண்டாம். 'அனுமதி விவரம் தருக' என்று பொதுவாகக் கேட்டால், இறுதி உத்தரவின் நகலை நீட்டி முடித்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

தள்ளிப்போடாதீர்கள். முடிந்த கோப்புக்கு ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று வகை குறிப்பார்கள்: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். நிரந்தரமாக இருக்க வேண்டியதை ஓ.மு. என்று குறித்துவிட்டால் கோப்பு முறைப்படியே அழிந்துபோகும். மத்திய அரசு அலுவலகம் என்றால், விதிமீறி ஆவணத்தை அழிப்பவருக்கு 1993-ம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை உண்டு. மாநில அலுவலகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது பெரிய ஓட்டை. 'கோப்பு காணவில்லை' என்ற பதிலை ஏற்காதீர்கள். தகவல் சட்டத்தில் அப்படியொரு விலக்கு கிடையாது. முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிக்க வேண்டும் என 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்தப் பிரிவு எழுத்தர் தன்னிடம் வந்த தாள்களைப் பதியும் தன்பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கோப்பு நடந்த தடம் அதில் இருக்கும்.

காப்பகம் எதற்கு என்கிறீர்கள். ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்திடம் சிக்கிய அமெரிக்கத் தூதரகத் தந்திகள் 2,51,287. வெளியான பிறகு அவற்றில் 23-ஐ ஒரு குடிமக்கள் உரிமை அமைப்பு முறைப்படி கேட்டது. அந்நாட்டு வெளியுறவுத் துறை 11-ஐச் சில பகுதிகளை மறைத்துக் கொடுத்தது, 12-ஐ மறுத்தது. கசிந்ததையும் கொடுத்ததையும் அருகருகே வைத்தபோதுதான், எந்த வரியைக் கண்டு அரசு கூசுகிறது என்பது தெரிந்தது.

நமக்கு இன்னொரு சிக்கல். 1956 நவம்பர் 1-ல் இன்றைய தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேரும்வரை நம் கன்னியாகுமரி மாவட்ட மண்ணின் நிலப் பதிவுகள் திருவிதாங்கூர் முறைப்படி, பெரும்பாலும் மலையாளத்தில் எழுதப்பட்டவை. உங்கள் மலைச்சரிவு புறம்போக்கா பட்டாவா என்பதற்கு வேர் அங்கேதான். அதை யாரும் வாட்ஸ்அப்பில் கசியவிடப் போவதில்லை. பதிவறையில் அட்டவணை இருந்தால்தான் கைக்கு வரும். அட்டவணைப்படுத்தி வைக்கச் சொல்லி தகவல் சட்டத்தின் 4(1) பிரிவு 2005 முதல் இருக்கிறது. அந்த அட்டவணையின் நகலுக்கும் தனியாக ஒரு மனு போடுங்கள்.