நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வும் லேசரும்: கேள்வி பதில்

டங்-டை என்கிற நாக்கு ஒட்டு (நாக்குக்கு அடியில் உள்ள சவ்வு நாக்கை அசையவிடாமல் பிடித்திருப்பது), உதட்டுச் சவ்வு, ஈறு இவற்றுக்கு லேசரில் செய்யும் சிகிச்சை பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் குழந்தைகள் பல் மருத்துவர். கத்தரி, கத்தி, லேசர் மூன்றையும் வைத்து வேலை செய்கிறேன். வாயை நேரில் பார்க்காமல் இன்னாருக்கு இன்ன சிகிச்சை என்று சொல்ல முடியாது. எதைக் கவனிக்க வேண்டும், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

கேள்வி: குழந்தை பிறந்து 3 வாரம் ஆகிறது டாக்டர். பால் கொடுக்கும்போது உயிர் போகிற வலி. முக்கால் மணி நேரம் குடித்துவிட்டும் பசியில் அழுகிறான். நாக்கு ஒட்டியிருக்கிறது, லேசரில் எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். கத்தரியே போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

கத்தரியா லேசரா என்பதை அப்புறம் பார்க்கலாம் அம்மா. வெட்டத்தான் வேண்டுமா என்று முதலில் பார்ப்போம். நாக்குக்கு அடியில் அந்தச் சவ்வு மடிப்பு எல்லோருக்கும் உண்டு. வாயின் அடித்தளம் முழுக்கப் பரவியிருக்கும் திசுப்படலம், நாக்கு மேலே எழும்போது மடிப்பாக எழும்பித் தெரிகிறது, அவ்வளவுதான். கண்ணில் படுகிறது என்பதற்காக அதை வெட்டக் கூடாது.

என்னிடம் வந்தால் முதலில் குழந்தை பால் குடிப்பதைத்தான் பார்ப்பேன். வாய் அகலத் திறக்கிறதா, கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா, இல்லை நாக்கு நழுவி 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா என்று கவனிப்பேன். குழந்தை வாயை எடுத்ததும் காம்பின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நசுங்கி, வெளுத்திருந்தால் பிடிப்பு சரியில்லை. அடுத்து கையுறை போட்ட சுண்டுவிரலை வாயில் வைப்பேன். நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வந்து, விரலைக் குழிவாகச் சுற்றி இழுக்க வேண்டும். அப்படி இழுக்காமல் ஈறால் கடித்தாலோ, அழும்போது நாக்கு மேலே எழாமல் நுனி மட்டும் நடுவில் பள்ளம் விழுந்து இதய வடிவில் இழுபட்டாலோ, சவ்வு உண்மையிலேயே தடுக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

அப்போதும் உடனே வெட்ட மாட்டேன். பாலூட்டல் ஆலோசகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக் காட்டியதிலேயே சரியான குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் எடை ஏறுகிறதா என்பதையும் விடாமல் பாருங்கள். வெட்டினால் என்ன கிடைக்கும் என்பதைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் 5 ஆய்வுகளை, மொத்தம் 302 குழந்தைகளை, சேர்த்துப் பார்த்தது. தாயின் காம்பு வலி சில நாட்களுக்காவது குறைகிறது என்று தெரிந்தது. குழந்தை பால் குடிப்பதே மேம்படுகிறது என்று எல்லா ஆய்வுகளும் ஒரே மாதிரி காட்டவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் வெட்ட வேண்டும் என்றால், சின்னக் குழந்தையின் மெல்லிய சவ்வுக்குக் கத்தரி தாராளமாகப் போதும். சில நொடியில் முடிந்துவிடும். லேசர்தான் மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2024 அறிக்கையும் சொல்கிறது. சவ்வு தடிப்பாகவும் உள்ளே ஆழமாகவும் இருந்தால் லேசர் கைகொடுக்கும். ரத்தம் கசியாததால் எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பக்கத்திலேயே உமிழ்நீர்க் குழாய்களின் வாய்கள் இரண்டு இருக்கின்றன, இரு பக்கமும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அங்கே கை தவறக் கூடாது.

எந்தக் கருவியானாலும், குழந்தைக்குப் பிறந்தவுடன் ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு உண்டா என்று கேட்காமல் ஒருவர் கையை வைத்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு 3 வயது. சவ்வு நன்றாகத் தெரிகிறது. ஆனால் சாப்பிடுகிறான், பேசுகிறான், ஒரு தொந்தரவும் இல்லை. பின்னால் பிரச்சினை வரும், இப்போதே லேசரில் எடுங்கள் என்கிறார்கள்.

வேண்டாம் ஐயா. தொந்தரவு இல்லாத சவ்வை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒளியால் எப்படிச் சதையை வெட்ட முடிகிறது? டார்ச் அடித்தால் ஒன்றும் ஆவதில்லையே?

நல்ல கேள்வி. டார்ச்சின் ஒளி பல அலைநீளங்கள் கலந்தது, நாலாபக்கமும் சிதறும். லேசர் கிட்டத்தட்ட ஒரே அலைநீளம், அதை ஊசிமுனை அளவு இடத்தில் குவிக்கலாம். இதற்கான கருத்தை ஐன்ஸ்டைன் 1917-லேயே எழுதிவிட்டார். 1960-ல் மெய்மன் மாணிக்கக் கல்லை வைத்து முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1964-ல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். வாய்க்குள் மென்திசு வெட்ட இன்றும் அதைத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள்.

அந்த ஒளியைத் திசுவில் எது உறிஞ்சுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அதைத் தண்ணீர் உறிஞ்சும். நம் ஈறிலும் நாக்கிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால் ஒளி உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே நின்று, செல்லுக்குள் இருக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிவிடுகிறது. சின்ன ரத்தக்குழாய்கள் அந்தச் சூட்டிலேயே மூடிக்கொள்ளும். 2,940 நானோமீட்டர் எர்பியம் லேசரை நீர் இன்னும் வேகமாக உறிஞ்சும். சூடு பரவுவது மிகக் குறைவு, பல்லைக்கூட வெட்டலாம். ஆனால் சூடு பரவாததாலேயே ரத்தம் அவ்வளவாக நிற்காது.

மருத்துவமனைகளில் அதிகம் காணும் சின்னப் பெட்டி டயோடு லேசர், 810 முதல் 980 நானோமீட்டர் வரை. அந்த ஒளியைத் தண்ணீர் பெரிதாகச் சட்டை செய்யாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினும் மெலனின் நிறமியும்தான் உறிஞ்சும். ஆகவே ஒளி சில மில்லிமீட்டர் உள்ளே இறங்கிவிடும். லேசர் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, இந்த மூன்றும் திசுவிடம் நடந்துகொள்ளும் விதமே வேறு. உங்கள் மருத்துவரிடம் 'எந்த லேசர்?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: நான் பல் மருத்துவம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது சார். டயோடு வாங்கியிருக்கிறேன். ஃப்ரீனெக்டமி, அதாவது சவ்வை எடுக்கும் சிகிச்சை, செய்யும்போது திசு கருகுகிறது, நோயாளிக்கு ஒரு வாரம் வரை வலிக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

தம்பி, நானும் இதே தப்பைச் செய்தவன். ஆரம்பத்தில் ஒரு பெண்ணுக்கு மேலுதட்டுச் சவ்வு எடுத்தேன். வெட்டு நகரவில்லை என்று பவரை ஏற்றிக்கொண்டே போய், ஒரே இடத்தில் நுனியை வைத்து அழுத்தினேன். ரத்தம் ஒரு சொட்டு வரவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தாவது நாள் அவர் வந்தபோது காயத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் திசு செத்து வெளுத்திருந்தது. ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த வலியை அவர் அனுபவிக்க நான் காரணமானது இன்னும் மனதில் இருக்கிறது.

டயோடில் நிஜமாக வெட்டுவது பெரும்பாலும் ஒளி இல்லை, சூடான நுனி. ஒளியைக் கொண்டுவரும் கண்ணாடி நாருடைய நுனியைக் கார்க்கிலோ, பல் கடியைப் பார்க்கும் வண்ணத் தாளான ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பரிலோ தொட்டுக் கருப்பாக்குகிறோம் இல்லையா, அந்தக் கரிதான் ஒளியைப் பிடித்துப் பல நூறு டிகிரிக்குச் சூடாகிறது. கருப்பு சரியாகப் படியவில்லை என்றால் ஒளி நேரே திசுவுக்குள் இறங்கி, மேலே வெட்டாமல் அடியில் வேகவைக்கும். நீங்களோ வெட்டவில்லையே என்று பவரை ஏற்றுவீர்கள். அதனால் முதலில் நுனியைப் பாருங்கள்.

திசு 60 டிகிரியைத் தாண்டினால் முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுக்கும். 100-ல் நீர் ஆவியாகும். அதற்கு மேலும் சூடு ஏறினால்தான் கரி. உங்கள் கண்ணுக்குக் கருப்பு தெரிகிறது என்றால் பக்கத்துத் திசு ஏற்கெனவே வெந்துவிட்டது என்று அர்த்தம். தூரிகையால் வர்ணம் தீட்டுவது போல லேசான, நிற்காத அசைவு வேண்டும். சவ்வை மற்றொரு கையால் நன்றாக இழுத்துப் பிடியுங்கள், இழுவிசைதான் பாதி வேலையைச் செய்யும். தொடர் ஒளிக்குப் பதில் விட்டு விட்டு வரும் பல்ஸ் முறையில் வைத்தால் இடைவெளியில் திசு ஆறிக்கொள்ளும். நுனியில் சேரும் துணுக்குகளை ஈரத் துணியில் துடைத்துக்கொண்டே இருங்கள். எலும்புக்குப் பக்கத்தில் போனதும் நிறுத்திவிடுங்கள், மிச்சத்தைக் கத்தியில் எடுங்கள்.

கேள்வி: லேசர் என்றால் வலியே இருக்காது, ஊசியும் வேண்டாம் என்று விளம்பரம் பார்த்தேன். உண்மையா?

பாதி உண்மை. எர்பியம் வைத்து மேலோட்டமாகச் செய்யும் சில வேலைகளுக்குத் தடவும் மரப்பு மருந்தே போதும். டயோடில் ஆழமாகப் போனால் ஊசி போட்டே ஆக வேண்டும். தையல் பெரும்பாலும் தேவைப்படாது என்பது உண்மையான நன்மை. ஆனால் லேசர் காயம் கத்திக் காயத்தைவிடச் சீக்கிரம் ஆறும் என்று நினைக்காதீர்கள். முதல் சில நாட்கள் கொஞ்சம் மெதுவாகவே ஆறும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: 2 வயதுக்குள் உள்ள குழந்தையின் வாயில் பென்சோகெய்ன் கலந்த ஜெல்லைத் தடவக் கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது கெடுத்துவிடலாம்.

கேள்வி: மகளுக்கு 5 வயது. ல, ர, ழ எதுவும் சரியாக வரவில்லை. நாக்கு ஒட்டுதான் காரணமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாக்கு ஒட்டால் பேச்சு தாமதமாகத் தொடங்காது. நுனி மேலே எழ வேண்டிய ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம். ழகரமோ பல குழந்தைகளுக்குக் கடைசியாக வந்து சேரும் ஒலி, அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வாயை அகலத் திறந்தபடி நாக்கு நுனியால் மேல் முன்பற்களின் பின்பக்கத்தைத் தொடச் சொல்லுங்கள். தொட முடிந்தால், பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள். தொட முடியவில்லை என்றாலும் முதலில் அவரிடமே போங்கள், அவர் சொன்ன பிறகு என்னைப் போன்றவர்களிடம் வரலாம். சவ்வை எடுத்த மறுநாளே ழ வந்துவிடாது, பழகிய நாக்கை மாற்றப் பயிற்சி வேண்டும்.

கேள்வி: மகனுக்கு 8 வயது. முன்பல் நடுவே இடைவெளி, அதில் சதை இறங்கியிருக்கிறது. லேசரில் எடுத்தால் இடைவெளி மூடுமா?

அவசரம் வேண்டாம். அந்த வயதில் இடைவெளி இயல்புதான். மேல் கோரைப்பற்கள் 11, 12 வயதில் இறங்கும்போது பெரும்பாலும் தானாக நெருங்கிவிடும். அப்போதும் இருந்தால் கம்பி போட்டு மூடிவிட்டு, பிறகு சதையை எடுப்பதுதான் வழக்கம். முதலிலேயே எடுத்தால் அங்கே உண்டாகும் தழும்பே பற்கள் சேர்வதைத் தடுக்கலாம்.

கேள்வி: வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஈறு வளர்ந்து பல்லையே மூடுகிறது. லேசர் நிரந்தரத் தீர்வா?

ஃபெனிடோயின் மாத்திரையாக இருக்கும். அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும், உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரினும் இப்படிச் செய்வதுண்டு. லேசரில் எடுத்தால் ரத்தம் அதிகம் போகாமல் ஈறைச் செதுக்கி வடிவத்துக்குக் கொண்டுவரலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் மாத்திரையும் பல்லில் படியும் அழுக்கும் அப்படியே இருந்தால் திரும்ப வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்றலாமா என்று நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் உண்டு. லேசர் செய்யலாமா?

பேஸ்மேக்கரைப் பொறுத்தவரை லேசர் நல்லதே. மின்சாரத்தில் சுடும் காட்டரி அதன் வேலையில் குறுக்கிடக்கூடும், லேசர் அப்படிச் செய்யாது. மாத்திரையை இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விட வேண்டாம்.

கேள்வி: கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு ஒன்று ஆறு மாதமாக இருக்கிறது. லேசரில் பொசுக்கிவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றார்கள்.

தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். முதலில் அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வாயில் தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டுகளில் சில புற்றுநோயாக மாறக்கூடியவை, சில ஏற்கெனவே மாறத் தொடங்கியவை. லேசரால் ஆவியாக்கிவிட்டால் பார்ப்பதற்குத் திசுவே மிஞ்சாது. மேலே ஆறிவிட்டது போலத் தெரியும், அடியில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணுக்கும் இதுதான் விதி. லேசரிலேயே துண்டு எடுக்கலாம், ஆனால் ஓரம் வெந்துபோவதால் கொஞ்சம் தள்ளி எடுக்கத் தெரிந்தவர் எடுக்க வேண்டும். இந்த வாரமே போங்கள். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: லேசர் செய்யும்போது எனக்கு எதற்குக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள்?

டயோடு ஒளி கண்ணின் விழித்திரை வரை போய்விடும், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. கார்பன் டை ஆக்சைடு ஒளி கருவிழியைச் சுடும். எந்த லேசரோ அதற்கேற்ற கண்ணாடி அறையில் இருக்கும் எல்லோருக்கும் வேண்டும், குழந்தையைப் பிடித்திருக்கும் அம்மாவுக்கும்தான். வரும் புகையையும் உறிஞ்சு குழாயால் பக்கத்திலேயே இழுத்துவிட வேண்டும். அதில் வைரஸ் துகள்கள்கூட இருக்கலாம்.

கேள்வி: முதல் கேள்வி கேட்ட அம்மாதான் டாக்டர். பிடிப்பை மாற்றிப் பார்த்தோம், கொஞ்சம்தான் குறைந்தது. பிறகு கத்தரியிலேயே வெட்டிவிட்டார்கள். வலி இப்போது பெரிதாக இல்லை. ஆனால் இன்று நான்காவது நாள், நாக்குக்கு அடியில் வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ படிந்திருக்கிறது. சீழா? தேன் தடவச் சொல்கிறார்கள். தினமும் விரலால் காயத்தை இழுத்துவிடவும் சொன்னார்கள், அழுகிறான்.

சீழ் இல்லை அம்மா. வாய்க்குள் எப்போதும் ஈரம் இருப்பதால் பொருக்கு கருப்பாகக் காயாது, இப்படித்தான் வெளிர் மஞ்சள் படலமாக இருக்கும். சாய்சதுரமாகத் தெரிகிறது அல்லவா, அதுதான் காயம் ஆறும் வடிவம். இரண்டு வாரத்தில் சுருங்கிப் போய்விடும். சுரண்டாதீர்கள்.

தேன் வேண்டவே வேண்டாம், 1 வயது வரை எந்த வடிவிலும் வேண்டாம். விரலால் இழுத்துவிடுவது பலன் தரும் என்று காட்டும் நல்ல ஆதாரம் இல்லை. அவன் வாயைக் கண்டாலே பயப்படும்படி ஆகிவிட்டால் பால் குடிப்பதும் கெடும். நானாக இருந்தால் விட்டுவிடச் சொல்வேன். உங்களுக்கு வெட்டியவரிடம் ஏன் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அவன் பால் குடிக்கும் ஒவ்வொரு முறையும் நாக்கு தானாகவே பயிற்சி எடுத்துக்கொள்கிறது.

காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ஈரத்துணியால் மெதுவாக அழுத்தியும் பத்து நிமிடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ காத்திருக்காமல் போங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் எடை போட்டுப் பாருங்கள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.